பத்துப் பர்சென்ட் ஆட்டிப் பாத்தயா சாமி?

சாமி, உன்ற எக்செல் சீட்டைக் கண்ணாடி போட்டுட்டு மேலிருந்து கீழ வரைக்கும் பாத்தேன். பத்து மாடு வாங்கற. பத்தும் கறக்குது. ஒண்ணுகூட உதைக்கல. ஒண்ணுகூட கவுத்தை அறுத்துட்டுப் போயி பக்கத்துத் தோட்டத்துச் சோளத்துல வாய் வெக்கல. கறவைக்காரன் தீவாளிக்கும் வாறான், பொங்கலுக்கும் வாறான், அவன்ற மாமனார் செத்த அன்னிக்கும் வாறான். இப்பேர்ப்பட்ட ஊரு எந்தப் பக்கம் இருக்குதுன்னு சொன்னயின்னா, நானும் ரண்டு மாட்டைப் புடிச்சுட்டு அங்கயே வந்துர்றேன்.

கோவிச்சுக்காத கண்ணு. கூட்டல் கழித்தல்ல தப்பிருக்குதுன்னு நான் சொல்ல வரல. பால் சொசைட்டில கணக்கு எழுதினவன் நானு, கூட்டல் எனக்கும் தெரியும். நீ போட்டதை அப்படியே சொல்றேன், சரியான்னு பாத்துக்க. பத்து மாடு, வருசத்துக்கு 300 நாள் கறவை, மாட்டுக்கு நாளொண்ணுக்குச் சராசரி 10 லிட்டர், கையில வர்றது லிட்டருக்கு 36 ரூபா. வரவு 10,80,000. தீவனம் மாட்டுக்கு நாளுக்கு 200 ரூபா; கறந்தாலும் கறக்காட்டியும் 365 நாளும் திங்குமல்லொ, அது 7,30,000. ஆளுச் சம்பளம் மாசம் 15,000, வருசத்துக்கு 1,80,000. மருந்து, காப்பீடு, கரண்டு, பேங்க் வட்டி எல்லாஞ் சேத்து ஒரு லட்சம். மிச்சம் 70,000. அதுக்குப் பச்சைக் கலர் அடிச்சு, தடிச்ச எழுத்துல போட்டிருக்கற. அந்தப் பச்சையப் பாத்ததும் உங்கம்மா, “ஏனுங்ப்பா, பையன் சரியாத்தான் சொல்றான்”ங்கறா. பத்தே முக்கால் லட்சத்துக்கு மேல வரவு. அதுல நூத்துக்கு ஆறரை ரூபா மிச்சம். அந்த ஆறரை ரூபா மேல காலை வெச்சுட்டுத்தான் நீ பெங்களூரு வேலைய விடறேங்கற.

அந்த எழுபதாயிரம் எந்த எண்ணு மேல நிக்குதுன்னு நேத்துக் கேட்டேன். “எல்லாத்து மேலயும்தான் அப்புச்சி”ன்ன. அது பதிலில்ல சாமி. கேள்வியத் தாண்டிப் போறதுக்கு நீ புடிச்ச சந்து.

இந்தக் கட்டம் போட்ட சீட்டு எப்படிப் பொறந்துச்சுன்னு நீயேதான் ஒருக்கா எனக்குச் சொன்ன. அமெரிக்காவுல ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல்ல டான் பிரிக்ளின்னு ஒருத்தர் படிச்சுட்டிருந்தாராம். வாத்தியார் கரும்பலகை நெறையக் கணக்குப் போட்டிருப்பார். நடுவுல ஒரு எண்ணு மாறினாப் போதும், அதுக்குக் கீழ இருக்கறதையெல்லாம் அழிச்சு அழிச்சு மறுக்கா எழுதோணும். அதைப் பாத்துட்டுத்தான் அவருக்கு யோசனை வந்துச்சாம். அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் சேந்து 1979ல ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு விசிகால்க்குன்னு ஒண்ணைக் கொண்டாந்தாங்க. ஒரு கட்டத்துல எண்ணை மாத்தினா மத்த கட்டமெல்லாம் தானா மாறோணும், அதுக்காகவே பொறந்த சாமானம். உன்ற எக்செல்லும் அந்த வமுசம்தான். நீ என்ன பண்ணியிருக்கற? ஒரு எண்ணையும் மாத்திப் பாக்காம, பிரிண்ட் போட்டு, லேமினேசனும் பண்ணிக் கொண்டாந்திருக்கற. இனி யாரும் மாத்தவே முடியாது. மழை பேஞ்சாக்கூட நனையாது.

சரி, லேமினேசனைத் தூக்கி அக்கட்டால வெச்சுட்டு லேப்டாப்பைத் தெற. இதுக்கு உங்காளுக சென்சிடிவிட்டி அனாலிசிஸ்னு பெருசாப் பேரு வெச்சிருக்கறாங்க. சோலி ஒண்ணும் பெருசில்ல. ஒரு எண்ணை மட்டும் மேலயும் கீழயும் ஆட்டு. மத்ததையெல்லாம் அசையாம வெய்யி. கடைசிக் கட்டம் எத்தன தூரம் ஆடுதுன்னு பாரு. பொறகு அடுத்த எண்ணு. பால் விலையப் பத்துப் பர்சென்ட் எறக்கு. வரவுல 1,08,000 போச்சு; 70,000 மிச்சம் இருந்த எடத்துல 38,000 நட்டம். விலைய அப்படியே வெச்சுட்டு லிட்டரைப் பத்துப் பர்சென்ட் கொறை. அதே 38,000 நட்டம். தீவனத்தைப் பத்துப் பர்சென்ட் ஏத்து. 73,000 எச்சா, மூவாயிரம் நட்டம். ஆளுச் சம்பளத்தை ஏத்து, 18,000 தான். மருந்து வட்டி வகையறா, பத்தாயிரம். பெருசை மேலயும் சிறுசைக் கீழயும் அடுக்கினா அதுக்கு டொர்னாடோ படம்ங்கறாங்க. படத்துல அடியில கெடக்குது பாரு ஒரு சின்னக் குச்சி, அதுதான் மருந்து, காப்பீடு, கரண்டு. நேத்து ராத்திரி எந்தக் கம்பெனில காப்பீடு நானூறு ரூபா கம்மின்னு தூக்கங் கெட்டுத் தேடிட்டிருந்தயே, அந்தக் குச்சிக்குத்தான். மேல கெடக்கற ரண்டு ஒலக்கையையும் நீ தொடவே இல்ல.

இந்தப் படத்தைப் பாத்ததும் பால் விலையும் லிட்டரும் ஒரே நீளம்னு சமாதானமாயிராத. இங்கதான் படிச்சவங்க நெம்பப் பேரு வழுக்கி விழுகறாங்க. எல்லா எண்ணையும் ஒரே பத்துப் பர்சென்ட்தான் ஆட்டோணும்னு விதியா என்ன? கணக்குக்கு வசதியா நான் சும்மா எடுத்த எண்ணு அது. மாட்டுக்கும் அதுக்கும் சம்மந்தமில்ல. ஆவின் சங்கத்துப் பால் விலை தெனமும் ஆடற விலையில்ல. பசும்பாலுக்கு 2022 நவம்பர்ல 32ல இருந்து 35 ஆக்கினாங்க. 2023 டிசம்பர்ல ஊக்கத்தொகையா மூணு ரூபா சேத்தாங்க. அரசாங்கம் வாயத் தொறந்தாத்தான் அந்த விலை நகரும். கொழுப்புக்கும், எஸ்.என்.எஃப்.ங்கற மத்த திடச்சத்துக்கும் தக்கன கையில வர்றது ரவை ஏறும், ரவை எறங்கும். தனியார் பண்ணைக்கு ஊத்தறதுன்னா அது வேற ஆட்டம், அதுக்குத் தனியா ஆட்டிக்க. ஆனா லிட்டரு? சித்திரை வெயில்ல கலப்பினப் பசுவை நெழலில்லாத தகரக் கொட்டாய்ல கட்டிப்போட்டுட்டு, “பத்துப் பர்சென்ட்டுக்கு மேல கொறையப்படாது”ன்னு அதுகிட்டச் சொல்லிப் பாரு. ஒவ்வொரு எண்ணும் நெசத்துல எத்தன தூரம் ஓடும்னு அதது போக்குல போயி விசாரிச்சு, அந்தத் தூரத்துக்கு ஆட்டோணும். அப்ப லிட்டர் ஒலக்கை வாசலத் தாண்டிப் போகும், விலை ஒலக்கை பாதியாச் சுருங்கும்.

கோல் சீக்குன்னு ஒரு பித்தான் இருக்குதல்லொ, அதைத் தட்டு. மிச்சம் சுழியா இருக்கோணும், எந்த லிட்டர்ல அது வரும்னு கேளு. 9.35ங்கும். பத்து லிட்டர்ல இருந்து ஒன்பதரைக்குங் கொஞ்சம் கீழ எறங்கினா உன்ற பச்சைக் கட்டம் சிவப்பாயிரும். விலைல கேட்டா 33 ரூபா 67 பைசா. தீவனத்துல கேட்டா 219 ரூபா. ஒரு மூட்டை புண்ணாக்கு விலை ஏறினா 219 எந்த மூலைக்கு? எழுபதாயிரம்னு ஒத்தை எண்ணைச் சொன்னயின்னா கேக்கறவன் தலையாட்டுவான். ஒன்பதரை லிட்டருக்குக் கீழ போனா முங்கிருவேன்னு சொல்லிப் பாரு, மாடு வெச்சிருக்கறவன் ஒவ்வொருத்தனும் எந்திரிச்சு நின்னு பதில் சொல்லுவான். கேக்கறவனுக்குப் பதில் தெரியற மாதிரி கேள்விய மாத்திக் குடுக்குது பாரு, இந்தச் சாமானத்துல எனக்குப் புடிச்சது அதுதான்.

இனி ஒண்ணு. இந்த 300 நாளை ஏன் ஆட்டல? ஆட்ட முடியல, ஏன்னா அது கட்டத்துலயே இல்ல. வரவுக்கான ஃபார்முலாவுக்குள்ள 300ன்னு நேரா அடிச்சு உள்ள பொதைச்சு வெச்சிருக்கற. மென்பொருளுக்கு நீ காட்டின எண்ணைத்தான் ஆட்டத் தெரியும். ஒளிச்சு வெச்சதை அதுக்கு எப்படித் தெரியும்? மாட்டுக்குச் சினை கிட்டத்தட்ட 280 நாள். பருவம் 21 நாளைக்கு ஒருக்கா வரும். ராத்திரில கத்தினதை நீ கவனிக்காம வுட்டயின்னா, அடுத்த 21 நாள் சும்மா தீனி போடோணும். ஊசி போட்டும் நிக்கலைன்னா இன்னொரு 21. இப்படி ஈத்துக்கும் ஈத்துக்கும் நடுவுல 15 மாசம் ஆயிருச்சுன்னு வெச்சுக்க. 305 நாள் கறவைய அத்தன மாசத்துக்கும் பங்கு போட்டா, வருசத்துக்கு 244 நாள்தான் விழுகும். 300க்குப் பதிலா 244 போட்டுப் பாரு. நட்டம் 1,31,600. பால் விலையும் மாறல, லிட்டரும் கொறையல, தீவனமும் ஏறல. ஒளிச்சு வெச்ச ஒரே ஒரு எண்ணு. உன்ற டொர்னாடோவுல அது இல்லவே இல்ல.

இன்னொரு சூதும் இருக்குது. ஒரு நேரத்துக்கு ஒரு எண்ணைத்தான் ஆட்டோணும்ங்கறது கம்ப்யூட்டருக்கு வசதி. வெயில் காலம் அப்படிப் பாத்து வருமா? பச்சைத் தீவனம் காஞ்சு போகும், அதுனால காசு குடுத்து வாங்கற தீவனம் எச்சாகும். அதே மாசத்துல பாலும் கொறையும். ரண்டும் கையப் புடிச்சுட்டுத்தான் படியேறும். டேட்டா டேபிள்ல மேல லிட்டரையும் பக்கத்துல தீவனத்தையும் வெய்யி. லிட்டர் பத்துப் பர்சென்ட் கீழ, தீவனம் பத்துப் பர்சென்ட் மேல, அந்த மூலைக் கட்டத்தைப் பாரு: 1,11,000 நட்டம். தனித்தனியா ஆட்டினப்ப வந்த 38,000மும் மூவாயிரமும் எங்க, இது எங்க? அதே மாதிரி செலவைக் கொறைக்கறேன்னு தீவனத்துல கை வெச்சயின்னா பால் கொறையும். தீவனத்தை மட்டும் எறக்கிட்டு லிட்டரை அப்படியே வெச்சுக் கணக்குப் போட்டா, காகிதத்துல லாபமா வரும். மாடு காகிதம் படிக்காது.

ஆளுச் சம்பளக் குச்சி சின்னதுன்னு சந்தோசப்பட்டுராத, அதையும் சொல்லிப்போடறேன். சம்பளம் ஏறினா எத்தனன்னு மட்டுந்தான் அந்தக் குச்சி சொல்லும். ஆளே வரலைன்னா என்ன ஆகும்னு சொல்லாது. பத்து மாட்டை ரண்டு நேரமும் கறக்காம வுட்டா மடி வீங்கும். மடிநோவு வந்த காம்பு பழையபடி கறக்கும்ங்கறதுக்கு உத்தரவாதமில்ல. மென்பொருள் ஆளை விலையாத்தான் பாக்குது, ஆளாப் பாக்கறதில்ல. இதை எந்தச் சதவீதத்துலயும் ஆட்ட முடியாது. “கறவைக்காரன் இல்லாத வாரம்”னு தனியா ஒரு சூழ்நிலை எழுதி, சினாரியோ மேனேஜர்ல போட்டு, அன்னிக்கு யாரு கறக்கறதுன்னு பேரெழுதோணும். என்ற பேரை எழுதிராத. எனக்கு மொழங்கால் வலி.

மான்டி கார்லோன்னு ஒண்ணு இருக்குது, எல்லா எண்ணையும் ஒண்ணா ஆட்டி பத்தாயிரம் தடவை ஓட்டிப் பாக்கும்னு சொன்ன. நல்லதுதான், ஓட்டு. ஆனா ஒவ்வொரு எண்ணும் எதுல இருந்து எது வரைக்கும் போகும்ங்கறதை நீ திண்ணைல உக்காந்து ஊகமாப் போட்டிருந்தயின்னா, பால் வத்தின மாட்டைப் பத்தாயிரம் தடவை பீச்சின கதைதான்.

தீவனக் கலவைக்கு சால்வர் வெச்சுப் போட்டிருக்கறதைப் பாத்தேன். அது நல்ல காரியம். சீட்டுலயே அந்தப் பக்கம்தான் எனக்குப் புடிச்சது. மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, இதுல எது எத்தன போட்டா மாட்டுக்கு வேணுங்கற சத்துங் கெடைச்சு விலையுங் கம்மியாகும்னு பாக்கறது. விடை வந்ததும் சென்சிடிவிட்டி ரிப்போர்ட் வேணுமான்னு அது கேக்கும், வேண்டாம்னு மூடிருக்கற. அதைத் தெறந்து பாரு. மக்காச்சோளம் விலை எது வரைக்கும் ஏறினாலும் இதே கலவை நிக்கும், அதுக்கு மேல போனாக் கலவைய மாத்தோணும்னு எழுதியிருக்கும். புரதம் ஒரு படி எச்சா வேணும்னா செலவு எத்தன ஏறும்னு நெழல் விலை போட்டிருக்கும். புண்ணாக்குக் கடைக்காரன்கிட்டப் பேரம் பேசறதுக்கு இதைவிட என்ன வேணும்?

இந்தக் கலவைக் கணக்குக்கு ஒரு பூர்வீகக் கதை இருக்குது. ஜார்ஜ் ஸ்டிக்லர்னு ஒரு பொருளாதாரக்காரர் 1945ல, ஒரு மனுசன் ஒரு வருசத்துக்குச் சத்தோட சாப்பிடறதுக்குக் கொறைஞ்ச செலவு என்னன்னு 77 பண்டத்தை வெச்சுப் போட்டுப் பாத்தார். 1939 விலையில 39 டாலர் 93 சென்ட். ரண்டு வருசம் கழிச்சு, டான்ட்சிக்குங்கற கணக்குக்காரர் கண்டுபுடிச்ச சிம்ப்ளெக்ஸ் முறைய வெச்சு, ஒம்பது குமாஸ்தாங்க கைக் கணக்கு மெசின்ல 120 ஆள் நாள் பாடுபட்டு அதே கணக்கைப் போட்டாங்க. 39 டாலர் 69 சென்ட் வந்துச்சு. மிச்சம் 24 சென்ட். உன்ற காப்பீட்டு நானூறு ரூபா ஞாபகம் வந்துச்சு எனக்கு.

அதைவிட ருசியான கதை அந்த டான்ட்சிக்குது. 1950கள்ல ஒடம்பைக் கொறைக்கச் சொல்லி டாக்டர் சொல்லிப்போட்டார். மனுசன் சும்மா இருப்பாரா? கலோரி அளவோட இருக்கோணும், வவுறும் நெறையோணும்னு கம்ப்யூட்டர்ல கணக்கை ஓட்டினார். தண்ணிய நீக்கி மிச்சம் இருக்கற எடை எத்தனயோ அத்தன வவுறு நெறையும்னு அவர் வெச்ச விதி. மெசின் என்ன சொல்லுச்சு தெரியுமா? 500 கேலன் வினிகர் குடிங்கன்னு சொல்லுச்சு. வினிகர்ல தண்ணியே இல்லைன்னு பட்டியல்ல இருந்திருக்குது. அதை நீக்கிட்டு ஓட்டினார். நாளுக்கு 200 பூய்யான் கட்டிங்க, அதாவது சூப்புக்குப் போடற உப்புக்கட்டி, தின்னச் சொல்லுச்சு. உப்பு எத்தனைக்கு மேல ஆகாதுன்னு எங்கயும் வரம்பு போடல. கட்டிக்கு வரம்பு போட்டதும் தவிடு ரண்டு பவுண்டுங்குச்சு. கடைசில அவர் வீட்டம்மா, இதெல்லாம் போதும் வாங்கன்னு, அந்தப் பட்டியல்ல இருந்து நல்ல யோசனைய மட்டும் எடுத்துட்டுத் தானே சாப்பாடு வகுத்தாங்க. மனுசன் 22 பவுண்டு எளைச்சார்.

இதைக் கேட்டுச் சிரிக்கறயல்லொ? சிரி. ஆனா 500 கேலன்னு வந்தங்காட்டித்தான் அவர் தப்பைக் கண்டுபுடிச்சார். உன்ற சீட்டுல பத்து லிட்டர், 300 நாள்னு இருக்குது. பாத்தா எவனுக்கும் சிரிப்பு வராது. சிரிப்பு வராத தப்புதான் சாமி தோட்டத்தை விக்க வெக்கும்.

அப்பறம் அந்த ரண்டாவது சீட்டு. மாடா, மஞ்சளா, தென்னையான்னு மார்க்குப் போட்டது. வருமானத்துக்கு 40, தண்ணிக்கு 25, ஆளு கெடைக்கறதுக்கு 20, நிம்மதிக்கு 15ன்னு எடை குடுத்திருக்கற. மாட்டுக்கு 8, 6, 4, 5. மஞ்சளுக்கு 7, 5, 4, 6. தென்னைக்கு 4, 6, 8, 9. கூட்டினா மாடு 6.25, தென்னை 6.05, மஞ்சள் 5.75. மாடு செயிச்சுருச்சுன்னு குதிச்ச. நான் ஒண்ணே ஒண்ணு பண்ணினேன். வருமானத்துல அஞ்சை எடுத்து ஆளு கட்டத்துல போட்டேன், 35க்கு 25. மாடு 6.05, தென்னை 6.25. ரண்டும் அப்படியே சட்டைய மாத்திப் போட்டுக்கிச்சு. சரியா ரண்டரை எடுத்துப் போட்டா ரண்டும் சமம். அப்ப மாடு செயிச்சுதுன்னு சொல்றதுக்கு அர்த்தம் என்ன? வருமானம் 40தான், 37 கெடையாதுன்னு நீ கோயில்ல சூடத்தை அடிச்சுச் சத்தியம் பண்றேன்னு அர்த்தம். பண்ணுவயா?

பண்ணமாட்ட. ஏன்னா லேப்டாப்புல “ஃபைனல்”, “ஃபைனல் புதுசு”, “ஃபைனல் கடைசி”ன்னு மூணு சீட்டு இருக்குது. மொதல் சீட்டுல வருமானத்துக்கு 30, ஆளுக்கு 30ன்னு போட்டிருந்த. அதுல தென்னை 6.45, மாடு 5.85. அது புடிக்கல. மாடு மேல வர்ற வரைக்கும் நவுத்தி நவுத்தி 40க்குக் கொண்டாந்து நிறுத்தியிருக்கற. எடையும் மார்க்கும் நீ போடறதுதானே, தராசு யார் பக்கஞ் சாயும்? அப்புச்சிக்கு லேப்டாப்பு தெறக்கத் தெரியாதுன்னு நெனைச்சுட்ட. பாஸ்வேர்டு உன்ற நாய் பேருதானே.

அதுக்காக அந்தச் சீட்டு வீணில்ல. எடைய எப்படிப் புரட்டினாலும் மஞ்சள் மொதல்ல வரமாட்டேங்குது, கவனிச்சயா? வருமானம் பக்கம் எடை போனா மாடு முந்துது, நிம்மதி பக்கம் போனா தென்னை முந்துது. அந்த மார்க்கு நெசம்னா மஞ்சளை இன்னிக்கே பட்டியல்ல இருந்து எடுத்துரலாம், பேச்சு மிச்சம். ஆனா அந்த வருமான மார்க்கு 7 எந்த வருசத்துது? ஈரோட்டு மார்க்கெட்டுல 2010ல குவிண்டால் பத்தாயிரத்தைத் தாண்டிப் போச்சு. அதைப் பாத்து ஊரே மஞ்சள் வெச்சுது. 2012ல ஐயாயிரத்துக்கும் கீழ வந்து கெடந்துச்சு. 2024ல மறுபடியும் பத்தாயிரத்துக்கு மேல. நல்ல வருசத்துக்கு 10 போட்டா மஞ்சள் 6.95, எல்லாத்தையும் முந்திரும். கெட்ட வருசத்துக்கு 3 போட்டா 4.15. எடைய மட்டும் ஆட்டிட்டு மார்க்கை ஆட்டாம வுட்டா பாதி வேலைதான். எடை உன்ற மனசு. மார்க்கு ஊரு நெலவரம். மனசை ஆட்டறது சுலபம், திண்ணைலயே முடிஞ்சுரும். மார்க்கை ஆட்டறதுக்கு செருப்பு மாட்டிட்டு வெளிய போகோணும்.

பிட்ஸ்பர்க்ல சாட்டின்னு ஒரு வாத்தியார் இருந்தார், ரண்டு ரண்டாச் சேத்து, இதைவிட அது எத்தன மடங்கு முக்கியம்னு 1ல இருந்து 9 வரைக்கும் சொல்லச் சொல்லுவார். அதை வெச்சு 1983ல எக்ஸ்பர்ட் சாய்ஸ்னு மென்பொருளே வந்துச்சு. எடைக் கம்பிய எலியப் புடிச்சு இழுத்தா செயிக்கறது தோக்கறது கண்ணு முன்னால மாறும். அந்த முறைல ஒரு நல்ல சமாச்சாரம். நிம்மதியவிடப் பணம் முக்கியம், பணத்தைவிட அம்மா முக்கியம், அம்மாவைவிட நிம்மதி முக்கியம்னு சுத்திச் சுத்திச் சொன்னா, முரண்பாட்டு அளவு 0.1ஐத் தாண்டுது, மறுபடி யோசின்னு சொல்லிரும். நம்ம வீட்டுல ஒருத்தருக்கும் அந்தப் பரீட்சை வெச்சுராத.

உன்ற சீட்டுல இன்னும் ரண்டு எண்ணு இல்ல. ஒண்ணு, நீ வுட்டுட்டு வர்ற சம்பளம். அது மாட்டுச் செலவுல ஒரு வரியா வரோணும். இன்னொண்ணு, நாலு மாடு. பத்தா ஒண்ணுமில்லையான்னு மட்டுமே கேட்டிருக்கற. உன்ற எண்ணுகளையே போட்டுப் பாரு: நாலு மாட்டுக்கு வரவு 4,32,000, தீவனம் 2,92,000, மருந்து வட்டி வகையறா ஒரு 40,000. கூலி ஆளு வேண்டாம், நீயே கறக்கற. மிச்சம் ஒரு லட்சம். பத்து மாட்டுல வந்ததைவிட எச்சு. அதுவுமில்லாம, மாட்டுக்கு வருசத்துக்கு 2,306 லிட்டர் கறந்தாலே நட்டமில்ல; பத்து மாட்டுக் கணக்குல 2,806 லிட்டர் வேணும். ஐநூறு லிட்டர் சறுக்கினாலும் தாங்கும்ங்கறதுதான் இதுல பெரிய சமாச்சாரம். வாரத்துல பாதி நாள் வீட்டுல உக்காந்துதானே கம்பெனி வேலை பாக்கற? மீதி நாளைக்கு உங்கம்மா பாத்துக்குவா, அவ கறக்காத மாடா.

விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிக்கோணும். அதுக்கு எத்தன மார்க்குப் போடறதுன்னு நீயே முடிவு பண்ணிக்க, நான் தலையிடல.

இப்ப பண்ண வேண்டியது இது. சொசைட்டிக்குப் போ. நம்மூர்ல கலப்பின மாடு வெச்சிருக்கற மூணு வீட்டுல பாலூத்தற பாஸ் புக்கைக் கேட்டு வாங்கு. சித்திரையுஞ் சேத்து வருசம் பூரா ஊத்தின லிட்டரைக் கூட்டு. கட்டுத்தரைல நிக்கற மாட்டு எண்ணிக்கையால வகு. கறக்கறதை மட்டும் எண்ணாத, பால் வத்தி நிக்கறதையும் எண்ணு. அந்த ஒரே எண்ணுல லிட்டரும் நாளும் ரண்டும் அடங்கிரும். மூணு வீட்டுக் கணக்கும் 2,806க்கு மேல போயி, நீ வுடற சம்பளத்தையும் ஈடு கட்டற அளவுக்கு இருந்தா தோட்டத்துப் பத்திரத்தை எடுத்துட்டு நானே உங்கூட பேங்குக்கு வாறேன். 2,306க்கும் அதுக்கும் நடுவுல இருந்தா நாலு மாடு வாங்கு, வேலைய வுடாத. அதுக்குங் கீழ இருந்தா தென்னைக்குத் தண்ணி பாச்சிட்டு ஞாயித்துக்கெழம சாயங்காலம் பெங்களூரு பஸ் ஏறு.